ரட்ஜைப் பிரிச்ச மனுஷன்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு. போன வாரம் ஊருக்குப் போனப்ப மாமா சொன்னதைக் கேட்டு முழிச்சிருச்சு.

கிணத்துக்கடவுல எங்க அப்பிச்சி ஓட்டின 1969 மாடல் புல்லட், சாளையில சாக்கு போத்திக்கிட்டு நிக்குது. "மாப்ள, ஒருத்தரு நல்ல வெல சொல்றாரு. ஆனா அது வரைக்கும் ஒரு நட்டைக்கூடக் கழட்டப் படாதுங்கறாரு"ன்னாரு மாமா.

பழைய வண்டி சேர்க்குறவங்களுக்கு இது வேதம். கம்பெனியில போட்ட நட்டு அப்படியே இருந்தாத்தான் மதிப்பு. எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஜி.டி. நாயுடு.

சூலூர் பக்கம் கலங்கல்ல 1893ல பொறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்ல ஊருக்குள்ள வந்ததைப் பார்த்து அப்படியே கிறங்கிட்டார். கோயமுத்தூருக்குப் போய் ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார்னும், விலை 300 ரூபாய்னும் சொல்வாங்க. அந்தக் காலத்து ரட்ஜ் 499 சிசி, ஒத்தை சிலிண்டர், பின்சக்கரத்தைச் சுத்துறது பெல்ட்டு. 1914ல ஐல் ஆஃப் மேன் சீனியர் பந்தயத்துல ஜெயிச்சதும் ரட்ஜ்தான். நாயுடு என்ன பண்ணினார்? துடைச்சு வைக்கலை. அக்கு அக்காப் பிரிச்சார், திரும்பக் கோத்தார். பள்ளிக்கூடம் சரியாப் போகாத மனுஷனுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 1920ல பொள்ளாச்சி - பழனி பஸ், அதுல இருந்து யு.எம்.எஸ். 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவோட முதல் எலெக்ட்ரிக் மோட்டார். நம்மூரு மோட்டார், பம்புசெட்டுக்கெல்லாம் மூலம் தேடிப்போனா, பாதி வழியில அந்த ரட்ஜ் நிக்கும்!

புல்லட் கதையும் இதேதான். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. முதல்ல அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூர்ல கோத்தாங்க, அப்புறம் எல்லாத்தையும் இங்கயே செஞ்சாங்க. இங்கிலாந்துல 1970ல மூடிட்டாங்க. இங்க இன்னும் ஓடுது.

சட்டமும் கிட்டத்தட்ட மாமா பக்கம்தான். 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டின, பெருசா மாத்தாத வண்டிக்கு 'விஏ' நம்பர் வாங்கலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா கண்காட்சி, பேரணின்னுதான் எடுக்கலாம், தினம் சந்தைக்கு ஓட்ட முடியாது.

மாத்தக் கூடாதுன்னுதான் விதி. பிரிக்கக் கூடாதுன்னு இல்லையே! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன், இதுவரைக்கும் ஒரு கார்புரேட்டரைக் கூடக் கழட்டினதில்லை. சாஃப்ட்வேர்ல பிழை தேடியே காலம் போகுது :-)

மாமாகிட்ட விக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை சாக்கை எடுக்குறேன். திரும்பக் கோக்கத் தெரியாம முழிச்சா, அதுவும் ஒரு பதிவா வரும்.