வளர்ந்தோரைத் தொடரும் கக்குவான்

நோய்களுக்கும் வரலாறு உண்டு. கக்குவான் இருமலின் வரலாறோ பெரும்பாலும் குழந்தைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது.

1578ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பரவிய இந்நோயை கியோம் தெ பையூ என்னும் மருத்துவர் விவரித்தார். குழந்தைகள் மூச்சு முட்ட இருமியதே அவர் கண்ட காட்சி. 1906இல் ஜூல் போர்தேயும் ஒக்தாவ் ஜெங்கூவும் இதன் கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். 1932இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்மணிகள் இவ்வாராய்ச்சியில் இறங்கினர். பகலில் ஆய்வுக்கூட வேலை. மாலையில் ஏழைகளின் வீடுதோறும் சென்று, மண்ணெண்ணெய் விளக்கொளியில், இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே தட்டினை ஏந்திக் கிருமியைச் சேகரித்தல். நல்லதொரு தடுப்பூசி அவ்வுழைப்பின் பயனாகும். நம் நாட்டில் 1978இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டத்தில் அது முத்தடுப்பு ஊசியாக இடம்பெற்றது.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. ஊசி தரும் காப்பு சில ஆண்டுகளில் தேய்கிறது. நோய் கண்டு தேறியவர் பெறும் காப்பும் வாழ்நாள் முழுதும் நிலைப்பதில்லை. ஆகவே வளர்ந்தோரையும் கக்குவான் பற்றுகிறது. அவர்களிடம் குழந்தைகளுக்குரிய கூவல் ஒலி பெரும்பாலும் எழுவதில்லை. இருமல் மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கும். இருமலின் வேகத்தில் விலா எலும்பு முறிவதுண்டு, மயங்கி விழுவதுண்டு, குடல் இறங்குவதுண்டு, சிறுநீர் தன்னையறியாமல் கசிவதுண்டு. முதியோர்க்கு நிமோனியாவும் வரக்கூடும்.

நான் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தைச் சேர்ந்தவன். பட்டாசுத் தொழில் நிறைந்த எங்கள் பகுதியில் பெரியவர் ஒருவர் இருமினால், "மருந்துத் தூசி" என்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. தூசியும் இருமல் தரும், காசநோயும் தரும், கக்குவானும் தரும். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவரே சோதித்துக் கூறவேண்டும். இருமி முடித்ததும் வாந்தி வருமாயின் அதனையும் அவரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும்.

இதில் அசட்டை கூடாது. 2010இல் கலிபோர்னியாவில் இந்நோய் பரவியபோது 10 பச்சிளங்குழவிகள் மாண்டன. ஊசிகள் முழுமை பெறாத அப்பருவத்தினருக்கு, வீட்டிலுள்ள பெரியவர்களே நோயை அளித்துவிடுதல் பல முறை கண்ட உண்மை. இதனாலன்றோ 2012 முதல் பிரிட்டனில் கருவுற்ற தாய்மார்க்கு இத்தடுப்பூசி இடுகின்றனர்! தாயின் காப்பு சேய்க்கும் சென்று சேர்கிறது.

தந்தையின் இருமலைக் கவனிப்பது தொட்டிலைக் காப்பதுமாகும்.