இலக்கும் இல்லமும்: மலாக்காத் தோட்டப்புறத் தமிழ்க் கிறித்தவக் குடும்பம்

முன்னுரை

குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி, இறைவேண்டலோடு தம் வாழ்வின் இலக்குகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது கிறித்தவ ஆலயங்களில் அடிக்கடி கேட்கப்படும் அறிவுரையாகும். இலக்கு வகுப்பதற்கு மனம் மட்டும் போதாது. குடியிருக்கும் வீடு, ஈட்டிய பொருள், பிள்ளைகளின் காலம் ஆகிய மூன்றின் மீதும் குடும்பத்திற்கு ஓரளவேனும் உரிமை இருத்தல் வேண்டும். மலாக்கா மாநிலத் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் இவ்வுரிமையை எவ்வாறு பெற்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தோட்டம் வகுத்த வாழ்வு

1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. கங்காணிகள் வழி வந்த தமிழருள் கிறித்தவரும் இருந்தனர். சமயம் எதுவாயினும் லயத்து வாழ்க்கை ஒன்றே. வேலை நின்றால் வீடும் போயிற்று. விடியற்காலைப் பெரட்டு முதல் பால் நிறுக்கும் நேரம் வரை நாளின் ஒழுங்கை நிருவாகமே வகுத்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தால் தோட்டப் பள்ளிகள் பெருகினவெனினும், அங்குக் கற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் மீண்டும் பால்மரக் காட்டிற்கே திரும்பினர்.

கூலியைப் பார்ப்போம். 1928இல் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக வரையறுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், அவை 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டன. கணவனும் மனைவியும் சம நாள்கள் உழைத்தால், இரு காலத்திலும் குடும்ப வருவாயில் ஒன்பதில் நான்கு பங்கு பெண்ணின் உழைப்பால் வந்ததாகிறது. இக்கணக்கைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

நிலம் பெற்ற குடும்பங்கள்

தோட்டத்திற்கு வெளியே வேறொரு வாழ்வும் இயல்வதாயிற்று என்பதற்குப் பேராக் மாநிலத்துப் பாகான் செராய் சான்றாகும். பிரெஞ்சு மறைப்பணியாளரான ரெனே ஃபே அடிகளார் 1880களில் அங்குத் தமிழ்க் கத்தோலிக்கருக்கென உழவர் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். புனித சூசையப்பரின் பெயரைத் தாங்கிய அவ்வூரில், கூலியாள்களாக அல்லாது, உழவர்களாகவே குடும்பங்கள் குடியேறின. இவரே 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நடப்பட்ட ஆண்டும் அதுவே. மலாயாவில் பெரும்பான்மைத் தமிழரின் வாழ்வைத் தீர்மானித்தது சூசையப்பர் குடியேற்றம் அன்று, ரப்பர்த் தோட்டமே.

திட்டமிட வாய்த்த காலம்

போருக்குப் பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1951இல் ஊழியர் சேமநிதி நிறுவப்பட்டது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்புகளைத் திரட்டித் துண்டாடலுக்கு உள்ளான தோட்டங்களை வாங்க முற்பட்டது. 1965 முதல் நுழைவுத் தேர்வின்றி இடைநிலைப்பள்ளி செல்லும் வாய்ப்பும் கிட்டியது. ஆயினும் தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயில வேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம் ஆகியவற்றோடு ஒரு பிள்ளையின் கூலியையும் ஓராண்டு கூடுதலாக இழக்க முடியுமா என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. மகனை அனுப்பி மகளை நிறுத்துவதா என்பதும் அம்முடிவினுள் அடங்கியது. இலக்கு என்னும் சொல் தோட்டப்புறக் குடும்பத்திற்கு உண்மையான பொருள் பெற்ற இடம் இதுவே எனலாம்.

யார் பேசுவது?

மாலை வேளையில் கத்தோலிக்க இல்லங்களில் செபமாலையும் சீர்திருத்தச் சபையினர் இல்லங்களில் குடும்ப ஜெபமும் நிகழ்வது மரபு. குடும்பம் முழுவதும் ஒருங்கே அமரும் நேரம் அது. கூடி முடிவெடுப்பதற்கும் ஏற்ற நேரம். ஆனால் கூடியிருப்பது வேறு, கூடி முடிவு செய்வது வேறு. தந்தை முடிவு செய்ய, ஏனையோர் ‘ஆமென்’ சொல்வதாக அது அமைந்துவிடக்கூடும்.

திருச்சபையின் அண்மைக்கால வரலாறு இங்கு நமக்கு உதவுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் குறித்தது. தீபகற்ப மலேசியாவின் குருக்கள் 1976இல் ஒரு மாத காலம் கூடித் தம் பணியை மறுஆய்வு செய்தனர். 1986இல் நடைபெற்ற மேய்ப்புப்பணி மாநாட்டில் பொதுநிலையினரும் அமர்ந்து திருச்சபையின் முன்னுரிமைகளை வகுத்தனர். மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டமும் அதில் பங்குபெற்றது. குருக்கள் மட்டுமே பேசிய இடத்தில் பிறரும் பேசலாயினர். பெரிய திருச்சபையில் இயன்றது இல்லத் திருச்சபையிலும் இயல வேண்டுமன்றோ?

முன்னர்க் கண்ட ஒன்பதில் நான்கு பங்கு இங்குப் பொருள் பெறுகிறது. வருவாயில் அப்பங்கை ஈட்டிய தாயும், கல்வியை இழக்கக்கூடிய மகளும் பேசாத இடத்தில் வகுக்கப்படும் இலக்கைக் குடும்பத்தின் இலக்கு எனல் பொருந்தாது.

முடிவுரை

மலாக்காவின் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக்கு அழைக்கும் கங்காணி இல்லை. வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் மேற்படிப்புச் செலவும் உள்ளன. முன்னோருக்கு மறுக்கப்பட்ட முடிவெடுக்கும் உரிமை இக்குடும்பங்களிடம் வந்து சேர்ந்துள்ளது. அதனை இல்லத்தில் ஒருவர் மட்டும் கைக்கொள்வாராயின், ஏனையோருக்கு அவ்வில்லமும் மற்றொரு தோட்டமே ஆகும். இறைவேண்டலுக்கு அமரும் வேளையில் இளையவரும் பெண்டிரும் தம் கருத்தை அஞ்சாது உரைக்க இடமளிப்பதே, இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் முதல் இலக்காகும்.