ஐம்பத்து நான்கில் நின்ற கணக்கு

கடல் கடந்த ஆட்டக்காரர்கள் – 9

சென்ற வாரம் 1964-இல் நிறுத்தினோம். ஒரே பருவத்தில் 55 ஹோம்ரன் அடித்து ஜப்பான் பேஸ்பாலையே தன் பக்கம் திருப்பினார் யோமியூரி ஜயண்ட்ஸ் அணியின் சதஹாரு ஓ. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில், இருபத்தோரு வருஷம் கழித்து ஓர் அமெரிக்கர் வந்து நின்றார். தாடி வைத்தவர், கனத்த உடம்பு, ஓட்டம் மெது. அவர் சொந்த நாட்டில் யாரும் அவரைப் பெரிதாக நினைத்ததில்லை. பெயர் ராண்டி பாஸ்.

ஓக்லஹோமா மாநிலத்தில் லாட்டன் அவருடைய ஊர். 1954 மார்ச் 13-இல் பிறந்தார். பள்ளி முடித்த கையோடு, 1972-இல், மின்னசோட்டா ட்வின்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இரண்டாம் தட்டு அணிகளில் அவர் மட்டையைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். 1980-இல் டென்வர் அணிக்காக மட்டும் 37 ஹோம்ரன். ஆனால் மேஜர் லீகுக்குள் அவரால் கால் ஊன்ற முடியவில்லை. 1977 முதல் 1982 வரை ஐந்து அணிகள் மாறினார். ஆறு வருஷத்தில் கிடைத்தது மொத்தம் 130 ஆட்டம், அடித்தது 9 ஹோம்ரன், சராசரி 0.212. ஒரு நாள் ஆடினால் நாலு நாள் பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற நிலையில் யாருக்குத்தான் கை பழகும்? இரண்டாம் தட்டுக்கு ரொம்பப் பெரியவர், முதல் தட்டுக்குப் போதாதவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

1983-இல், இருபத்தொன்பதாவது வயதில், ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். ஒசாகா வட்டாரத்து மக்களின் உயிர் இந்த அணி. ஜயண்ட்ஸ் தலைநகரத்து அணி. பணமும் பத்திரிகையும் அதன் பக்கம். டைகர்ஸ் ரசிகருக்கு மற்ற அணிகளிடம் தோற்பது வருத்தம், ஜயண்ட்ஸிடம் தோற்பது துக்கம். 1964-க்குப் பிறகு டைகர்ஸ் ஒரு முறைகூட லீக் பட்டம் வென்றிருக்கவில்லை.

அவர் பெயரிலேயே ஒரு சிக்கல் வந்தது. ‘பாஸ்’ என்பதை ஜப்பானிய எழுத்தில் நேரடியாக எழுதினால் ‘பசு’ என்று வரும். பேருந்துக்கும் அங்கே அதே சொல்தான். அணியை நடத்தும் ஹன்ஷின் ரயில்வே நிறுவனம் பேருந்தும் விடுகிறது. அவர் சரியாக ஆடாத நாளில் ‘ஹன்ஷின் பஸ் படுத்துவிட்டது’ என்று பத்திரிகைக்காரர்கள் தலைப்புப் போட்டால் என்ன ஆவது என்று யோசித்து, குறிலை நெடிலாக்கி ‘பாஆசு’ என்று பதிவு செய்தார்கள் என்பார்கள். குறில் நெடில் வித்தியாசத்தோடு வளர்ந்த நமக்கு இந்தக் கவலை உடனே புரியும்.

சட்டை எண் 44. ஜப்பானிய மொழியில் நான்கு என்ற எண்ணின் ஒரு உச்சரிப்பும் சாவு என்ற சொல்லும் ஒன்றே. அதனால் அந்த எண்ணை விலக்குகிறவர்கள் அங்கே நிறைய. இவர் முதுகில் அது இரட்டையாக இருந்தது.

கோஷியன் மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1924-இல் கட்டியது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. மாலையானால் ‘ஹமகாஸெ’ என்ற கடற்காற்று வலப்புறத்திலிருந்து இடப்புறமாக வீசும். பாஸ் இடக்கை மட்டைக்காரர். இடக்கைக்காரர் இழுத்து அடித்தால் பந்து வலப்புறம் பறக்கும், காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து எதிரணி ஆளின் கையில் போடும். பலசாலிகளான எத்தனையோ இடக்கைக்காரர்களை அந்தக் காற்று தோற்கடித்திருக்கிறது. பாஸ் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. பந்தை இன்னும் அரைக் கணம் உள்ளே வரவிட்டு, தாமதமாகச் சந்தித்து, இடப்புறமாகத் தூக்கப் பழகினார். அதே காற்று இப்போது பந்தைச் சுமந்துபோனது. இடது, வலது மூலைகளில் ‘லக்கி ஸோன்’ என்று வேலியை உள்ளே இழுத்துக் கட்டியிருந்ததும் உதவியது. பலத்தால் மட்டும் ஜெயித்தவர் என்று பாஸைப் பற்றி எழுதுவதை நான் ஏற்பதில்லை. முப்பதை நெருங்கும் வயதில், கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் அடக்கம் அவருக்கு இருந்தது.

அந்த அடக்கம் மைதானத்துக்கு வெளியிலும் தெரிந்தது. அணியின் மூத்த ஆட்டக்காரர் கோசோ கவாட்டோ அவருக்கு ஷோகி கற்றுக்கொடுத்தார். நம் சதுரங்கத்துக்கு உறவான ஜப்பானிய ஆட்டம் அது. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் இருவரும் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரரை ‘சுகெத்தோ’ என்பது வழக்கம். பழைய நாளில் அடுத்தவர் சண்டையில் கைகொடுக்க வந்தவரைக் குறித்த சொல். சண்டை முடிந்ததும் போய்விட வேண்டியவர். வந்த பலர் அப்படித்தான் சம்பளத்தை எண்ணிக்கொண்டு போனார்கள். பாஸ் அங்கே பழகி, வேரூன்றினார். முதல் வருஷம் 35 ஹோம்ரன், அடுத்த வருஷம் சராசரி 0.326.

பிறகு 1985 வந்தது.

ஏப்ரல் 17, கோஷியன், எதிரில் ஜயண்ட்ஸ். ஏழாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் 1–3 என்று பின்தங்கியிருந்தது. பந்து வீசியவர் இளைஞர் ஹிரோமி மகிஹாரா. இரண்டு பேர் தளத்தில் நிற்க, பாஸ் அடித்த பந்து நடு மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கும் ‘பேக் ஸ்கிரீன்’ தட்டியில் போய் விழுந்தது. அந்தப் பருவத்தில் அவருக்கு முதல் ஹோம்ரன். அடுத்து வந்த மசயூகி கக்கெஃபுவும் அதே திசையில் ஹோம்ரன். அதற்கடுத்து வந்த அகினோபு ஒகாடாவும் ஹோம்ரன். டைகர்ஸ் 6–5 என்று ஜெயித்தது. ஒசாகா பக்கம் வயதானவர்களிடம் ‘பேக் ஸ்கிரீன் மூன்று அடி’ என்று சொன்னால் போதும், அன்று தாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் 123 மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். டைகர்ஸ் அணி நிறுவனத்தின் தலைவர் ஹஜிமே நகானோவும் அதில் ஒருவர். அந்தத் துக்கத்தோடுதான் அணி மிச்ச ஆட்டங்களை ஆடியது. அக்டோபர் 16 அன்று, மேலாளர் யோஷியோ யோஷிடாவின் அணிக்கு லீக் பட்டம் உறுதியானது.

அன்று இரவு ஒசாகாவின் டோட்டன்போரி கால்வாய்மேல் எபிசுபாஷி பாலத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயராகக் கூப்பிட, அவரைப் போல ஜாடை உள்ள ரசிகர் கால்வாயில் குதித்தார். பாஸ் பெயர் வந்தபோது அந்தக் கூட்டத்தில் அவர் ஜாடையில் யாரும் இல்லை. பக்கத்திலிருந்த கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் கடை வாசலில் கர்னல் சாண்டர்ஸ் பொம்மை நின்றது. தாடி, வெள்ளைக்காரர். தூக்கிக் கால்வாயில் போட்டார்கள். பின்னால் அணி வருஷக்கணக்கில் கடைசி இடத்தில் கிடந்தபோது ‘கர்னல் சாபம்’ என்று பேச்சு எழுந்தது. 2009 மார்ச்சில் அந்தப் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். கண்ணாடியும் இடது கையும் இல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டம் மீதியிருக்கையில் பாஸ் 54 ஹோம்ரன் அடித்திருந்தார். இன்னும் ஒன்று போதும், சதஹாரு ஓவைத் தொட்டுவிடலாம். மிச்சம் இருந்த இரண்டும் ஜயண்ட்ஸோடு. ஜயண்ட்ஸின் மேலாளர் சதஹாரு ஓ.

பேஸ்பாலில் நான்கு பந்து வரம்புக்கு வெளியே போனால், மட்டைக்காரர் முதல் தளத்துக்கு இலவசமாக நடந்துபோகலாம். கிரிக்கெட்டில் வைடு போட்டுக்கொண்டே இருப்பதைப் போல, அடிக்கவே விடாமல் ஒருவரைக் கழித்துக்கட்ட இது வழி. முதல் ஆட்டத்தில் ஜயண்ட்ஸின் பெரிய பந்துவீச்சாளர் சுகுரு எகாவா அவரோடு நேருக்கு நேர் மோதினார். அக்டோபர் 24, கடைசி ஆட்டத்தில் நிலைமை வேறு. ஐந்து முறை பாஸ் மட்டையோடு வந்தார். அதில் நான்கு முறை நான்கு நான்கு பந்து, மொத்தம் பதினாறு, எல்லாம் எட்டாத தூரத்தில். இன்னொரு முறை வெளியே போன பந்தை எட்டிப் பிடித்துத் தட்டி ஒரு சிங்கிள் எடுத்தார். கணக்கு 54-இல் நின்றது.

பாஸுக்கு ஸ்டிரைக், அதாவது வரம்புக்குள் பந்து, வீசினால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர் அபராதம் என்று அணியின் ஒரு பயிற்சியாளர் மிரட்டியதாக, அப்போது ஜயண்ட்ஸில் இருந்த அமெரிக்கப் பந்துவீச்சாளர் கீத் கம்ஸ்டாக் பின்னால் சொன்னார். தான் அப்படி உத்தரவிடவில்லை என்றார் ஓ. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. சீனத் தகப்பனாருக்குப் பிறந்து, ஜப்பானியக் குடியுரிமை இல்லாத காரணத்தால் பள்ளி நாட்களில் தேசிய விளையாட்டு விழாவில் ஆட முடியாமல் போனவர். வாசலில் நிற்கவைக்கப்படும் வலி அவருக்குத் தெரியும். உத்தரவிடாமல் இருக்கலாம். ஆனால் பதினாறு பந்தும் அவர் கண்ணெதிரே போயின. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை.

வருஷம் முடிவில் பாஸின் கணக்கு: சராசரி 0.350, ஹோம்ரன் 54, அணிக்குச் சேர்த்த ரன் 134. மூன்றிலும் லீகில் முதலிடம். இரு லீக் வெற்றியாளர்களும் மோதும் ஜப்பான் தொடரில் செய்பு லயன்ஸுக்கு எதிராக முதல் மூன்று ஆட்டத்திலும் ஹோம்ரன் அடித்தார். நவம்பர் 2 அன்று டைகர்ஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக ஜப்பான் சாம்பியன் ஆனது. ‘கடவுள், புத்தர், பாஸ்’ என்று மூவரையும் ஒரே மூச்சில் கும்பிட்டார்கள் ரசிகர்கள்.

1986-இல் அவர் ஆட்டத்தை என்ன சொல்ல! மறுபடியும் மூன்றிலும் முதலிடம். தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் ஹோம்ரன் அடித்து ஓவின் இன்னொரு சாதனையைத் தொட்டார். ஏழாவது அடி அதே எகாவாவின் பந்தில் வந்தது. அவர் இந்த முறையும் ஒதுங்கவில்லை. பருவச் சராசரி 0.389, புதிய சாதனை. அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் ஹிரோஷிமா அணுகுண்டிலிருந்து தப்பிய கொரிய வம்சாவளிக்காரர் இசாவோ ஹரிமோட்டோ. பின்னால் வந்த நட்சத்திர மட்டைக்காரர் இச்சிரோவே 0.387 வரைதான் போனார். பாஸின் 0.389 இன்றும் நிற்கிறது.

1988-இல் அவருடைய எட்டு வயது மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. பாஸ் மே மாதம் அமெரிக்கா போனார். ஜூனில் அணி அவரை நீக்கியது. குடும்பத்தின் மருத்துவச் செலவை அணி ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் தகராறு முற்றியது. அதன் நடுவில் சிக்கிய அணி நிர்வாகி ஒருவர் ஜூலையில் டோக்கியோவில் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு பக்கத்துக்கும் காயம். பையன் பிழைத்துக்கொண்டான். பாஸ் மறுபடி ஆடவில்லை. ஜப்பானில் 614 ஆட்டம், 202 ஹோம்ரன், சராசரி 0.337 என்று அவர் கணக்கு முடிந்தது.

ஊர் திரும்பியவர் 2004 தேர்தலில் ஜெயித்து ஓக்லஹோமா மாநில செனட்டில் பதினான்கு வருஷம் இருந்தார். 2023 ஜனவரியில் ஜப்பான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் நவம்பர் 5 அன்று, முப்பத்தெட்டு வருஷம் கழித்து, டைகர்ஸ் மறுபடி ஜப்பான் சாம்பியன் ஆனது. மேலாளர், அந்த மூன்று அடியில் மூன்றாவதை அடித்த அகினோபு ஒகாடா.

ஓவின் 55 கடைசியில் 2013 செப்டம்பர் 15 அன்று உடைந்தது. உடைத்தவர் குராசாவ் தீவிலிருந்து வந்த விளாடிமிர் பலென்டைன். அன்று எதிரில் பந்து வீசிய அணி ஹன்ஷின் டைகர்ஸ். அவர்கள் ஒதுங்காமல் வீசினார்கள். அடுத்த வாரம் பலென்டைன்.