கல் நிற்கிறது, கான்கிரீட் நிற்குமா?

திருச்சி மலைக்கோட்டையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கு 1,300 வயதுக்கு மேல். கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள சிறிய கல் பள்ளிவாசல் ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கல்லணை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானது என்பர். இன்று நாம் கட்டும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அத்தனை காலம் நிலைக்குமா?

இப்போதைய முறையில் கட்டினால் நிலைக்காது. அதற்குக் காரணம் உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி. கான்கிரீட் பாரத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதற்காகவே கம்பி கட்டுகிறோம். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து அதைக் குறைத்துவிடும். பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட் வெடித்து உதிரும். சாதாரணக் கட்டடங்களுக்கு 50 ஆண்டு ஆயுள் என்றே கணக்கிடுகிறார்கள். கல் கட்டடத்தில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை.

ஆனால் பராமரிப்பு இல்லாவிட்டால் பழையதும் விழும். 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் அதே மாதம் சரிந்தன. கல்லணை இன்றும் பயன்படுவதற்கு, ஆங்கிலேயர் காலத்திலும் பின்னரும் அதைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்ததும் ஒரு காரணம்.

வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில. கம்பியை மூடும் கான்கிரீட் தளத்தில் 20 மி.மீ., தூணில் 40 மி.மீ. குறையக்கூடாது. குறைந்தது 7 நாள் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் கலவை போடக்கூடாது. மொட்டைமாடிக் கசிவை அந்த மழைக்காலத்திலேயே அடைக்க வேண்டும். இவற்றைச் செய்தால் பேரன் காலம் வரை வீடு நிற்கும்.

இன்னொன்று. இடம் போதவில்லை என்று பல ஊர்களில் பழைய கல் பள்ளிவாசல்களை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்புகிறோம். நூற்றாண்டுகள் நின்றதை அகற்றி, ஓர் ஆயுட்காலம் மட்டுமே நிற்பதை வைக்கிறோம். பழையதை அப்படியே காத்து, பக்கத்தில் விரிவாக்க வழி உண்டா என்று பழங்கட்டடங்களை அறிந்த பொறியாளரிடம் ஜமாஅத்தார் முதலில் கேட்பது நல்லது. இடித்தபின் கேட்டுப் பயனில்லை.