ஸ்பார்டகியாட்

செக்கோஸ்லோவாக்கியாவில் 1955 முதல் 1985 வரை பிராக் நகரின் ஸ்த்ராஹோவ் அரங்கில் நடந்த கூட்டு உடற்பயிற்சிப் பெருவிழா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. திடலில் இறங்கியவர்கள் பதக்க வீரர்கள் அல்லர். ஆலைத் தொழிலாளர், மாணவர், படைவீரர், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகளோடு தாய்மார். விழாவின் உயிர் போட்டி அல்ல, ஒத்திசைவு. ரோமை எதிர்த்துக் கிளர்ந்த அடிமை வீரன் ஸ்பார்டகஸின் பெயரால் அமைந்தது.

பெயர்தான் இடதுசாரிகளுடையது, வடிவம் இரவல். 1862இல் மிரோஸ்லாவ் திர்ஷும் யிண்ட்ரிக் ஃபூக்னரும் தொடங்கிய 'சோகோல்' (வல்லூறு) சங்கம், ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த செக் மக்களிடம் உடற்பயிற்சி வழியாகத் தேசிய உணர்வை வளர்த்தது. அதன் பெருவிழா 'ஸ்லெட்', அதாவது பறவைகள் திரண்டு வந்து கூடுவது. முதல் ஸ்லெட் 1882இல் நடந்தது. ஸ்த்ராஹோவ் அரங்கமே 1926 ஸ்லெட்டுக்காக எழுந்ததுதான். இடையில் 1921இல் தொழிலாளர் அமைப்பினர் பிராகில் தனியே ஒரு ஸ்பார்டகியாட் நடத்தியிருந்தார்கள்.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அந்தக் கோடையில் ஸ்லெட் ஊர்வலம் புதிய குடியரசுத் தலைவர் காட்வால்டின் மேடையைக் கடந்தபோது, பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதவி விலகியிருந்த முந்தைய குடியரசுத் தலைவர் பெனெஷை வாழ்த்திக் கோஷமிட்டார்கள். கைதுகள் நடந்தன, சோகோல் ஒடுக்கப்பட்டது. சங்கத்தை முடக்கியவர்களுக்கு அதன் விழாவைக் கைவிட மட்டும் மனம் வரவில்லை. சோவியத் படை நாட்டை விடுவித்த பத்தாம் ஆண்டு நிறைவென்று சொல்லி, 1955இல் அதே அரங்கில் முதல் தேசிய ஸ்பார்டகியாடை நடத்தினார்கள்.

திடல் ஏறத்தாழ 300 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். சுற்றிலும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இடம். ஒரே வேளையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அசைவதைச் சாத்தியமாக்கியது ஒரு சின்ன ஏற்பாடு: தரையில் வரிசை வரிசையாகப் பதித்த அடையாளக் குறிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. இசை மாறும்போது எந்தக் குறிக்கு நகர வேண்டும் என்பது மனப்பாடம். உள்ளூர்ப் பள்ளிக் கூடத்திலும் ஆலைத் திடலிலும் மாதக்கணக்கில் பழகி, வட்டார விழாக்களில் ஆடிக் காட்டிய பிறகே பிராக் பயணம். அங்கே படுக்கை பெரும்பாலும் வகுப்பறைத் தரையில்.

விருப்பத்தோடு வந்தவர் எத்தனை, மேலிடத்து வற்புறுத்தலால் வந்தவர் எத்தனை என்று பிரிப்பது கடினம். கட்சியை வெறுத்தவர்களிலும் அந்தப் பயணத்தை இளமைக்கால உல்லாசமாக நினைவுகூர்பவர்கள் உண்டு.

1960, 1965 விழாக்களுக்குப் பின் ஒரு முறை விடுபட்டது. 1968இல் வார்சா ஒப்பந்தப் படைகள் நாட்டுக்குள் புகுந்திருந்தன. 1970இல் விழா இல்லை. 1948ஐ மறக்காத அரசு, அத்தனை பேரை ஒரே இடத்தில் திரட்டத் தயங்கியதில் வியப்பில்லை. 1975இல் மீண்டும் தொடங்கி, 1980, 1985 என இரண்டு முறை தொடர்ந்தது. 1985இல் இளம்பெண்களின் ஆட்டத்துக்கு மிகல் டேவிட் பாடிய 'போபாதா' (மொட்டுகள்) பாட்டு விழாவையும் தாண்டி நிலைத்தது.

1989 நவம்பரில் ஆட்சி வீழ்ந்தது. 1990க்குத் திட்டமிட்ட ஸ்பார்டகியாட் பழைய உருவில் நடக்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஸ்த்ராஹோவை நிறைத்தது ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கச்சேரி. மறுபிறப்பெடுத்த சோகோல் 1994இல் தன் ஸ்லெட்டை அங்கேயே நடத்தியது.