எழுத்து – சில நூறு பிரதிகளின் பலம்

ஒரு பத்திரிகையின் செல்வாக்கை எதை வைத்து அளப்பது? எத்தனை பிரதி விற்றது என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. ஆனால் அந்தக் கணக்கில் தோற்றுப்போன ஒரு பத்திரிகைதான் தமிழ்க் கவிதையின் போக்கையே மாற்றியது. அதன் பெயர் 'எழுத்து'.

'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் இதைத் தொடங்கினார். சினிமா இல்லை, துணுக்குகள் இல்லை. விமர்சனத்துக்கும் கவிதைக்கும்தான் முதலிடம். வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற அந்தக் காலத்தில், எழுத்து சில நூறு வாசகர்களையே நம்பி நடந்தது. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படியும் 119 இதழ்களோடு 1970ல் பத்திரிகை நின்றுபோனது. வரவு செலவு நோட்டைப் பார்த்தால் இது ஒரு தோல்விக் கதை!

சரி, வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அதில் எழுத வந்தவர்கள் யார்? சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் தன் முதல் கவிதையை 1959ல் எழுதியது இதில்தான். திருகோணமலையில் இருந்த இளைஞர் தருமு சிவராமு (பின்னாளில் பிரமிள்), சி. மணி, எஸ். வைதீஸ்வரன், விமர்சகர் வெங்கட் சாமிநாதன் ஆகியோரும் இங்கேதான் கவனம் பெற்றார்கள். வாசகர்கள் குறைவு, ஆனால் அவர்களில் எழுத்தாளர்கள் அதிகம்.

இரண்டாவது, அது விட்டுச்சென்றது என்ன? எழுத்தில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளைத் தொகுத்து 1962ல் 'புதுக்குரல்கள்' வெளியானது. யாப்பில்லாமல் எழுதுவது கவிதையே அல்ல என்று பண்டிதர்கள் சொல்லிவந்த காலம் அது. பின்னர் அதே தொகுப்பு பல்கலைக்கழகப் பாடநூலாகவும் ஆனது.

மூன்றாவதுதான் முக்கியமானது. அதன் பாணியை யார் எடுத்துக்கொண்டார்கள்? சேலத்தில் 'நடை' (1968), சென்னையில் 'கசடதபற' (1970) என்று சிறுபத்திரிகைகள் தொடர்ந்து வந்தன. 1971ல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி' கவிஞர்களோ, எழுத்து கவிதைகளில் சமூக அக்கறை இல்லை, தனிமனிதப் புலம்பல்தான் இருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். ஆனால் அவர்களும் எழுதியது புதுக்கவிதைதான். கருத்தை மறுத்தவர்கள்கூட வடிவத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

நண்பர்களுடன் சேர்கிறவர்களை எண்ணுவது எளிது. எதிர்ப்பவர்களையும் தன் வழியில் எழுத வைத்ததை எந்த விற்பனைக் கணக்கு காட்டும்? செல்லப்பா 1998ல் மறைந்தார். இன்று தமிழில் யாப்பில்லாமல் கவிதை எழுதும் ஒவ்வொருவரும், எழுத்து இதழைப் பார்த்தே இராவிட்டாலும், அதன் கணக்கில் வருகிறவர்கள்தான்.