கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

உத்தியோகம் தேடிப் புறப்பட்டவனுக்கு ஊரெல்லாம் உபாத்தியாயர்கள். அச்சன்புதூரில் எனக்கு வாய்த்தவர் என் பெரியப்பா. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்குப் பேட்டிக்கு அழைப்பு வந்ததும், திண்ணையில் நாற்காலியைப் போட்டுத் தாமே அதிகாரியாக உட்கார்ந்து மூன்று நாள் ஒத்திகை நடத்தினார். கதவை எப்படித் திறப்பது, நாற்காலியை எப்படிச் சத்தமில்லாமல் இழுப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் பாடமாயிற்று.

"படிப்ப ஏன் விட்டேன்னு கேட்டா, வீட்டுக் கஷ்டம்னு சொல்லிருலே. அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாவ" என்றார் கடைசியில்.

உண்மை வேறு. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். வகுப்பில் இருந்ததைவிட நூலகத்தில் நாவல்களோடு இருந்த நேரம் அதிகம். பரீட்சை என்னைக் கைவிட்டது என்று சொல்வது மரியாதை. நான்தான் அதைக் கைவிட்டேன். சென்னையில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டபோது, பெரியப்பா சொன்ன கஷ்டத்தோடு நானும் கொஞ்சம் சேர்த்து, அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்றேன். மூவரில் வயதானவர் நல்ல மனிதர். உண்மையான கவலையோடு, "என்ன உடம்பு அவருக்கு?" என்று கேட்டார். அதற்கு ஒத்திகை இல்லை. வாய்க்கு வந்த ஒரு வியாதியைச் சொன்னேன். அப்பாவோ அந்த நேரத்தில் ஊரில், மேற்கே மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடித்துக்கொண்டிருக்க, முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, திருவல்லிக்கேணியில் நடக்கும் ஒரு கதைக்காகப் பழைய சேதிகளைத் துருவிக்கொண்டிருந்தபோது, 1912 பிப்ரவரி 9ந் தேதியிட்ட ஒரு வேலை விண்ணப்பம் கண்ணில் பட்டது. திருவல்லிக்கேணி ஸம்மர் ஹவுஸ், 7ம் எண்ணிலிருந்து, சென்னைத் துறைமுக டிரஸ்ட்டின் தலைமைக் கணக்கருக்கு எழுதியது. எழுதியவர் எஸ். ராமாநுஜன்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். கணித மேதை, தபால் தலை, கேம்பிரிட்ஜ் எல்லாவற்றையும் சற்று நேரம் மறந்துவிடுங்கள். 1910ல் அவர் இருபத்திரண்டு வயதுப் பையன். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் தேறியபோது பேரும் புகழும் இருந்தது. எஃப்.ஏ. வகுப்பில், அதாவது பிற்காலத்தில் இண்டர்மீடியட் என்று சொன்ன இரண்டு வருஷப் படிப்பில், எல்லாம் சரிந்தது. கணக்கைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907 முடிய எஃப்.ஏ. தேறவில்லை. 1909ல் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பையன்களுக்கு டியூஷன் சொல்லிப் பார்த்தார். பாடத்தை விட்டுவிட்டு அவர் தம் வழியே கணக்கில் எங்கோ போய்விடுவார். பையன்களுக்குப் பரீட்சை தேற வேண்டும். அதுவும் நிலைக்கவில்லை. அப்புறம்தான் உத்தியோக வேட்டை.

அவரிடம் சர்டிபிகேட் இல்லை. இருந்ததெல்லாம் தாம் கண்டுபிடித்த கணிதங்களை எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள். அவற்றோடு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர்; 1907ல் இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீஸிலோ முனிசிபல் ஆபீஸிலோ ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுத்தால் போதும் என்று கேட்டார் ராமாநுஜன். ஐயர் நோட்டைப் புரட்டினார். வேலை தர மறுத்துவிட்டார். ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த மூளையை நசுக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே காரணம் சொன்னார். வெறுமனே அனுப்பவில்லை, சென்னையில் கணிதப் பேராசிரியராக இருந்த பி.வி. சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

சிபாரிசு என்ற சொல் நம்மிடம் கெட்டுப் போய்விட்டது. வேலை கொடுக்காமல் இருப்பதற்காக ஒருவர் செய்த சிபாரிசு இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். யோசித்தால் சற்றுக் குலை நடுங்குகிறது. அந்த நாற்காலியில் கணக்கு அறியாத, ஆனால் இளகிய மனமுள்ள வேறொரு டிப்டி கலெக்டர் இருந்திருந்தால், பையன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருப்பார். ராமாநுஜனும் என் பெரியப்பாவைப் போல் முப்பது வருஷம் அடங்கல் கணக்கு எழுதிப் பென்ஷன் வாங்கியிருப்பார்.

சேஷு ஐயரின் கடிதம் அவரை நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய்விட்டது. 1910 டிசம்பர் அது. கணிதத்தில் ஈடுபாடுள்ள ராவ் அந்தச் சந்திப்பைப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். வந்தவன் குட்டையாக, பருமனாக, சவரம் செய்யாமல், அவ்வளவு சுத்தமும் இல்லாமல் இருந்தானாம். கண்கள் மட்டும் பிரகாசித்தனவாம். கக்கத்தில் நைந்துபோன ஒரு நோட்டு. பெரியப்பாவின் ஒத்திகையில் இவர் திண்ணைப் படியே ஏறியிருக்க முடியாது.

நோட்டைத் திறந்து ராமாநுஜன் விளக்க ஆரம்பித்தார். கலெக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விஷயம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அசலா போலியா என்று சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் வரச் சொன்னார். மறுபடி வந்தபோது நடந்ததுதான் எனக்கு அதிசயமாகப் படுகிறது. ராமாநுஜன் இவருடைய எல்லையை அளந்துகொண்டார். பெரியவற்றை மூடி வைத்துவிட்டு, தம் கண்டுபிடிப்புகளில் எளியவற்றைக் காட்டினார். அவையே அன்றிருந்த புத்தகங்களைத் தாண்டியிருந்தன என்கிறார் ராவ். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றி, கடைசியில் இன்னும் உலகத்துக்குச் சொல்லாத தம் விரியும் தொடர்களின் கொள்கை வரைக்கும் கலெக்டரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

எஃப்.ஏ. தேறாத பையன், ஒரு ஜில்லாவின் கலெக்டருக்கு எவ்வளவு புரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்! டியூஷன் பையன்களிடம் வராத பொறுமை இவரிடம் வந்துவிட்டது. இந்த வித்தையை எந்தத் திண்ணையிலும் சொல்லித் தருவதில்லை. அதற்கு எதிரே ஒரு ராமச்சந்திர ராவும் வேண்டும். புரியவில்லை என்று தமக்குள் ஒப்புக்கொண்டு, மறுபடி வா என்று சொல்லக்கூடிய கலெக்டர் அக்காலத்தில் மலிவா என்ன?

என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர, சாப்பாட்டுக்கு வழி, அவ்வளவே. ராவ் தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சென்னையில் இருக்கச் செய்தார். அந்த நிம்மதியில் 1911ல் ராமாநுஜனின் முதல் கட்டுரை கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. ஆனால் பிறர் காசில் உட்கார்ந்து தின்ன அவருக்கு மனம் ஒப்பவில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாயில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். அதன்பிறகு வந்ததுதான் நான் சொன்ன விண்ணப்பம்.

சின்னக் கடிதம். குமாஸ்தா வேலை காலி என்று அறிந்து விண்ணப்பிக்கிறேன் என்று ஆரம்பம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சங்கடங்களால் மேலே தொடர முடியவில்லை என்று அடுத்த வாக்கியம். அப்போதிருந்து என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன் என்று அதற்கடுத்தது. வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது, முடிந்தது. வீட்டுக் கஷ்டம் அவரிடம் கொஞ்சமா இருந்தது? அதை விலை கூறவில்லை. தேறினேன் என்று பொய்யும் இல்லை. தேறவில்லையே என்ற அழுகையும் இல்லை. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் சிபாரிசும் கூட இருந்தது.

1912 மார்ச் 1ந் தேதி, 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுகத்தில் சேர்ந்தார். மானேஜர் எஸ். நாராயண ஐயரும் கணிதக்காரர். இரண்டு பேரும் இரவில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்களாம். பையன் இரண்டு வரியில் தாண்டும் இடத்தைப் பத்து வரியாக எழுதச் சொல்லி மானேஜர் கெஞ்சுவாராம். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக நின்றார். 1913 ஜனவரி 16ந் தேதி கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் வரியிலும் இவர் தம்மை வருஷத்துக்கு 20 பவுன் வாங்கும் குமாஸ்தா என்றே சொல்லிக்கொள்கிறார். சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதையும் தொடர்ந்து சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குப் போகிறார். அதே வருஷம் மே மாதம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. 1914 மார்ச் 17ல் கப்பலேறினார். 1918ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1920 ஏப்ரல் 26ல், முப்பத்திரண்டு வயதில், போய்விட்டார்.

பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் காலத்தில் அவரைப் பேட்டி கண்டவர்கள் யாரும், உன்னிடம் நோட்டு ஏதாவது இருக்கிறதா, திற பார்க்கலாம் என்று கேட்டிருக்க மாட்டார்கள். தமக்கு நடந்ததைத்தானே அவர் எனக்குப் பாடமாகச் சொல்ல முடியும்? என் பையிலும் அன்று ஒரு நோட்டு இருந்தது. இரண்டு மூன்று கதைகள் எழுதியிருந்தேன். அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

சென்னையிலிருந்து திரும்பி அச்சன்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, குடையோடு அப்பா நின்றிருந்தார்.

"என்னல கேட்டாவ?"

"ஒங்களப் பத்திக் கேட்டாவப்பா."

"என்னையா?" அப்பா குடையை மறு கைக்கு மாற்றினார். "நீ என்ன சொன்ன?"

"வெவசாயம் பாக்காவன்னு சொன்னேன்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிடக்கூட உட்காராமல் பெரியப்பா வீட்டுக்குப் போய், மெட்ராஸில் அவ்வளவு பெரிய அதிகாரிகள் தம்மை விசாரித்தார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.